உதைத்தால் திறக்கும் டிக்கி

எங்கள் அலுவலகக் கட்டடத்தின் இரண்டாம் அடித்தளத்தில், பதினேழாம் எண் தூணுக்கும் சுவருக்கும் நடுவே மூன்று கார் நிற்கிற அளவுக்கு ஓர் ஈரமான மூலை இருக்கிறது. அங்கே கார் கழுவுகிறவர் என் பெரியப்பா மகன். வெளிப்பக்கம் அண்ணன் பொறுப்பு, உள்பக்கம் அண்ணி பொறுப்பு. கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இந்தப் பங்கீடுதான் என்பார் அண்ணி. கட்டடத்தில் அண்ணனுக்குப் பெயர் ‘ஈரக்கை’. யாராவது கைகுலுக்க வந்தால் முழங்கையை நீட்டுவார். பெரிய அதிகாரிகள்கூட அந்த முழங்கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் போவார்கள்.

முன்பெல்லாம் ஒரு காரைப் பற்றி அவருக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அழுக்கு எங்கே ஒளிந்திருக்கிறது. மின்சாரக் கார்கள் வர ஆரம்பித்ததும் பாடத்திட்டமே மாறிவிட்டது. ஒரு காரில் முன்கண்ணாடியைத் துடைக்கப் போனால், மழை வந்துவிட்டதாக நினைத்து வைப்பர் தானே எழுந்து விரலில் ஒரு போடு போடும். இன்னொன்றில் கைப்பிடி கதவுக்குள்ளேயே பதுங்கிக்கொள்ளும். தாஜா பண்ணித்தான் வெளியே அழைக்கவேண்டும். வேறொன்றில் சார்ஜ் போடும் இடத்து மூடியைக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால் பல் டாக்டரைக் கண்ட மாதிரி வாயைப் பிளக்கும்.

இதற்காக அண்ணன் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தார். கம்பெனி பெயர், மாடல் பெயர் எதுவும் அதில் கிடையாது. ‘சாம்பல் மூஞ்சி: திரையில் பல்சக்கரப் படம், கீழே நாலாவது வரி, கழுவும் நிலை’ என்று ஒரு பக்கம். ‘சிவப்பு மாமியார்: எதைத் தொட்டாலும் பேசும். முதலில் வாயை அடைக்கவும்’ என்று இன்னொரு பக்கம். காரின் சொந்தக்காரர்களே கீழே இறங்கி வந்து, “அண்ணே, இந்த சீட்டு சூடாகுதே, எப்படி நிறுத்துறது?” என்று கேட்பதுண்டு. ஒரு வாரம் வெந்துகொண்டே வேலைக்கு வந்த கணக்காளர் ஒருவரை எனக்கே தெரியும்.

இந்தப் பிழைப்புக்குத்தான் ஆபத்து வந்தது. கட்டட மேலாளர் அம்மாள் அந்த மூலையை எடுத்துவிட்டு அங்கே ஆறு சார்ஜர் வைக்கத் திட்டம் போட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணிக்கு இயக்குநர்கள் கூடி முடிவெடுப்பார்கள். பதினோராம் மாடியில் வேலை பார்க்கும் எனக்கு ஒரு வாரமாக அதே நினைப்பு. அண்ணனோ என்னைப் பார்த்து, “நீ ஏன்டா பல்லைக் கடிக்கிற? தேய்ஞ்சு போச்சுன்னா அதுக்கு வேற செலவு” என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நான் டீயோடு கீழே போனபோது, மேலாளர் அம்மாள் தம்முடைய புதுக் காரைக் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டிருந்தார். வாங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. முத்து வெள்ளை. பக்கக் கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் கேமரா.

“கூட்டம் முடிஞ்சதும் டைரக்டருங்க வண்டியைப் பார்க்க வருவாங்க. பளபளன்னு இருக்கணும்” என்று சாவியைக் கொடுத்தார். சாவி என்றால் சாவி இல்லை, சீட்டுக்கட்டில் ஒன்றை உருவின மாதிரி ஒரு அட்டை.

அண்ணன் அதை வழக்கப்படி பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். கழுவுகிற காரின் சாவி கழுவுகிறவன் உடம்பில்தான் இருக்கவேண்டும் என்பது அவர் சட்டம். ஆணியில் மாட்டிய சாவி ஒருமுறை வாளிக்குள் விழுந்து குளித்ததிலிருந்து அப்படி.

அம்மாள் லிஃப்டில் ஏறியதும் இருவரும், கார் தானாகச் செய்கிற வேலைகளை நிறுத்திவைக்கும் ‘கழுவும் நிலை’யைத் திரையில் தேடினார்கள். நாற்காலியை ஆட்டும் வசதி கிடைத்தது, அருவிச் சத்தம் கிடைத்தது, கழுவும் நிலை மட்டும் கிடைக்கவில்லை.

“ஏங்க, அவங்களுக்குப் போன் போட்டுக் கேட்டுடுங்க” என்றார் அண்ணி.

“அவங்களுக்கே தெரியாது. வைப்பரை நிறுத்தியாச்சில்ல, போதும் விடு.”

முன்பக்கம் நல்லபடியாக முடிந்தது. பின்பக்கம் வந்து, பம்பருக்கு அடியில் ஒட்டியிருந்த சேற்றை எடுக்கக் குனிந்து குழாயைக் கீழ்நோக்கிப் பீய்ச்சினார். கார் மரியாதையாக ‘டிங்’ என்றது. டிக்கி மெல்ல, ராஜவாசல் போல, முழுசாகத் திறந்தது. என்ன இது என்று அண்ணன் நிமிர்ந்தார். கையிலிருந்த குழாயும் கூடவே நிமிர்ந்தது.

உள்ளே சுருட்டி வைத்திருந்த ஐந்து பெரிய வரைபடத் தாள்கள் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டன. அண்ணி ஒன்றைப் பிரித்தார். பதினேழாம் எண் தூணும் அதைச் சுற்றி ஆறு சார்ஜரும். ஓரத்தில் மூன்று கையெழுத்து.

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். “அண்ணே, வேணும்னே நனைச்சீங்கன்னுதான் நினைப்பாங்க. நான் மேலே போய் வேற பிரின்ட் எடுக்க வழி இருக்கான்னு பார்க்கிறேன்.”

“அந்த மூணு கையெழுத்தையும் உங்க மிஷினே போட்டுக் குடுத்துடுமா தம்பி?” என்றார் அண்ணி. “பேசாம அந்த ஓரத்தைப் பிடிங்க.”

தாள்களைக் காரின் முன்மூடி மேல் விரித்தோம். அண்ணன் மூடியைத் தொட்டுப் பார்த்து அலுத்துக்கொண்டார். “இன்ஜின் வண்டின்னா இந்நேரம் சூட்டுலயே காஞ்சிருக்கும். இதைப் பாரு, கல்லு மாதிரி சில்லுன்னு கிடக்கு.”

அண்ணி சீட்டு காயவைக்கும் ப்ளோயரைக் கொண்டுவந்து, தாள் கிழியாத தூரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். கை பாட்டுக்கு வேலை செய்ய, கண் வரைபடத்தைப் படித்தது. திடீரென்று ப்ளோயரை நிறுத்தினார்.

“என்னங்க, நம்ம வடிகாலை எங்க காணோம்?”

அண்ணன் எட்டிப் பார்த்தார். உண்மைதான். வரைபடத்தில் தூண் இருந்தது, சுவர் இருந்தது, வடிகால் இல்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் நாலாம் எண் சார்ஜர் நின்றுகொண்டிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு மேலாளர் அம்மாள் வந்தார். தாள்கள் காய்ந்திருந்தன, ஆனால் நெளிநெளியாக. அவர் தாள்களைப் பார்த்தார், திறந்திருந்த டிக்கியைப் பார்த்தார், கடைசியில் அண்ணனைப் பார்த்தார்.

“இது தற்செயலா நடந்ததுன்னு நான் நம்பணுமா?”

“நம்பவேணாம் மேடம். பாருங்க.” அண்ணன் டிக்கியை மூடினார். பாக்கெட்டில் இருந்த அட்டையை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி பாக்கெட்டிலேயே போட்டார். குனிந்து பம்பருக்கு அடியில் தண்ணீரை விட்டார்.

டிங். டிக்கி திறந்தது.

அம்மாள் காரை முறைத்தார். “பாவி மக! நாலு நாளா ரெண்டு கையிலயும் பையைத் தூக்கிக்கிட்டு, ஒத்தைக் கால்ல நின்னு உதைச்சுக்கிட்டிருக்கேன். காலை ஆட்டினா திறக்கும்னு சொல்லித்தானே தலையில கட்டினாங்க. எனக்குத் திறக்கல, உங்க குழாய்க்குத் திறக்குதா?”

“சாவி இவர் பாக்கெட்டுல இருக்கு. நீங்க உதைச்சப்போ எங்க இருந்துச்சு மேடம்?” என்றார் அண்ணி.

“கைப்பையில. கைப்பை முன்சீட்டுல.” சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஒரு காலைத் தூக்கினார். “ஐயோ, என்ன இது, ஷூவெல்லாம் தண்ணி!”

அண்ணன் பீய்ச்சிய தண்ணீர் முழுக்க அவர் காலடியில் வந்து தேங்கியிருந்தது.

“நீங்க நிக்கிற இடம்தான் மேடம் நாலாம் நம்பர் சார்ஜர்” என்று அண்ணி வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டினார். “இந்தத் தளத்துலயே பள்ளமான இடம் இதுதான். நல்ல மழைன்னா சரிவு வழியா வர்றது மொத்தமும் இங்கதான் வந்து நிக்கும். வடிகால் ஒண்ணால தாங்காது. நாங்க ரெண்டு பேரும் தள்ளித் தள்ளி விடறதாலதான் மேலே யாருக்கும் தெரியல.”

அம்மாளின் சிரிப்பு நின்றது. தரையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். “இதை வரைஞ்சவங்களுக்கு இது எப்படித் தெரியாம போச்சு?”

“கீழே இறங்கி வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்” என்றார் அண்ணன்.

“இதை நான் மேலே போய்ச் சொன்னா, மூலையைக் காப்பாத்த நீங்க கட்டின கதைன்னு சொல்லுவாங்க.”

“ஆமா, காப்பாத்தத்தான் சொல்றோம்” என்றார் அண்ணி. “அதுக்காகத் தண்ணி மேட்டுல போய் நிக்குமா மேடம்? அவங்களையும் இங்க வந்து நின்னு பார்க்கச் சொல்லுங்க.”

ஒரு மணிக்குத் தொடங்கிய கூட்டம் மூன்றரைக்குத்தான் முடிந்தது. அதற்குள் நான் பதினோராம் மாடிக்கும் அடித்தளத்துக்கும் ஆறு தடவை லிஃப்டில் போய்வந்தேன். ஏழாவது தடவை கீழே இறங்கியபோது நான்கு இயக்குநர்கள் பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வடிகால் ஓரம் நின்றிருந்தார்கள். காரை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. சார்ஜர்கள் எதிர்ச்சுவருக்கு, மேட்டுப் பக்கம் போகட்டும் என்று முடிவானது. மூலை இப்படியே இருக்கும்.

வியாழக்கிழமை, நல்ல மழையில், வரைபடம் போடுகிறவர் பாலிஷ் போட்ட ஷூவோடு அளவெடுக்க வந்தார். அண்ணி தம்முடைய ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தார். அண்ணன் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, “வடிகாலை நல்லாப் பெருசா போடுங்க, கண்ணுல படணும்” என்று யோசனை சொல்லிக்கொண்டே நகர்ந்தார். மனிதர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். கடைசியில் எங்கள் மூலையைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, “இதுக்குள்ள என்னன்னு எழுதறது?” என்று கேட்டார்.

“கார் கழுவுமிடம்” என்றார் அண்ணன்.

அவர் எழுத ஆரம்பித்ததும் அண்ணி அவர் கையைக் குனிந்து பார்த்தார்.

“பென்சில் வேணாம் தம்பி. பேனாவுல எழுதுங்க.”