மெஷினக்கா பார்க்காத கப்பல்

டயாலிசிஸ் அறையில் அவளை எல்லோரும் மெஷினக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவளைவிட இருபது வயது மூத்தவர்கள். அவளுக்கு வயது நாற்பத்து மூன்று; முதுகுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் கூட. பதினொரு வருடமாகக் காலை ஷிப்டு டெக்னீஷியன். ஆறு மணிக்கு முதல் ஊசி, பத்து மணிக்குக் கடைசிப் பஞ்சு. நடுவில் நாலு மணி நேரம் மெஷின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும்; படுத்திருப்பவர்கள் பேசுவார்கள். மெஷினுக்காவது நிறுத்த ஒரு பொத்தான் உண்டு.

பேச்சு பெரும்பாலும் கப்பலைப் பற்றித்தான். பூமியை விட்டுக் கிளம்பி இருபத்தாறு வருடமாகியும் எங்கேயும் போய்ச் சேராத விண்வெளிக் கப்பல் ஒன்றின் டிவி தொடர் அது. இடையில் ஒன்பது வருடம் நிறுத்தி வைத்திருந்தார்கள். இப்போது புது கேப்டன், புதிதாக எட்டு எபிசோடுகள் என்று மறுபடி கிளப்பியிருந்தார்கள். ஞாயிறு சாயங்காலம் எபிசோடு வரும். திங்கள் காலை ஐந்தே முக்காலுக்கு அபிப்பிராயங்கள் வந்துவிடும், ஆட்களுக்கு ஒரு நிமிடம் முன்னால்.

மெஷினக்கா அதில் ஒரு எபிசோடுகூடப் பார்த்ததில்லை. ஆனால் பழைய கேப்டன் எந்தக் கிரகத்தில் இடது காதை இழந்தார், எந்த சீசனில் அது விளக்கமில்லாமல் முளைத்துவிட்டது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பார்த்தாயா என்று அவளை யாரும் கேட்டதுமில்லை. 'ம்', 'அட', 'அப்படியா சார்' என்ற மூன்றே பதில்களில் பதினொரு வருடம் ஓடிவிட்டது. வீட்டில் அந்தத் தொடரின் இசை கேட்டால் கணவர் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கிவிடுவாள். "என் வேலைய வீட்டுக்குள்ள விடாதீங்க" என்பாள்.

திங்கள், புதன், வெள்ளி மூன்றாம் கட்டிலில் சர்வேயர். ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, மகள் வெளியூரில். முப்பது வருடம் நிலம் அளந்தவருக்குப் புது எபிசோடுகளில் முதலில் பட்ட குற்றம் நீளம்.

"பழைய கப்பல்ல நடைபாதை நாப்பத்தோரு எட்டு. நான் எண்ணியிருக்கேன். இதுல இருபத்தாறுலயே திரும்பிடறாங்க. மிச்சம் பதினஞ்சு எட்டை எவன் வளைச்சுப் போட்டான்?"

நாலாம் கட்டிலில் தையல்கடை வைத்திருக்கும் டெய்லரம்மா.

"நீங்க தரையைப் பாருங்க சார், நான் துணியைப் பாக்கறேன். இத்தனை வருஷமா அந்தக் கப்பல்ல ஒருத்தர் சட்டைலயும் பாக்கெட் கிடையாது. இந்தப் பொண்ணு கேப்டனா வந்துதான் ரெண்டு பாக்கெட் வச்சிருக்காங்க."

"பாக்கெட்ல என்ன வைக்கப் போறாங்க, பஸ் டிக்கெட்டா?"

"கைய வைக்கலாம். உங்க கேப்டன் கைய எங்க வைக்கறதுன்னு தெரியாம பின்னால கட்டிக்கிட்டே பத்து சீசன் ஓட்டினாரு!"

உடனே சர்வேயர் ஊசி குத்திய கையை வீசுவார். குழாய் மடங்கும், மெஷின் கத்தும். மெஷினக்கா எழுந்து வந்து கையை நேராக்கி, பொத்தானை அமுக்கி, "கை, சார்" என்பாள். சாதாரண நாளில் ஏழெட்டு முறை. புது எபிசோடு வந்த மறுநாள் ஒரு டஜன். அந்த எபிசோடுகளைச் சர்வேயர் அளவுக்கு வெறுத்தவர் யாரும் இல்லை. ஒவ்வொன்றையும் அவரைப்போல இரண்டு தடவை பார்த்தவரும் இல்லை.

ஏழாவது எபிசோடு வந்த வாரம், வெள்ளிக்கிழமை, அவள் ஊசியை எடுக்கும்போது சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை கடைசி எபிசோடு. திங்கக்கிழமை வந்து திட்டித் தீத்துடறேன். அதோட நிறுத்திக்கறேன்."

"நல்லது சார். பிரஷராவது குறையும்."

"கப்பலை இல்லக்கா. இதை." தாடையால் மெஷினைக் காட்டினார். "போதும். அலுத்துப்போச்சு."

நிறுத்தினால் உயிர் ஒரு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு. அது அவருக்கும் தெரியும். டாக்டர் அவரோடு ஒரு மணி நேரம் பேசினார், மகளோடு போனில் பேசினார், கடைசியில் அவர் இஷ்டம் என்று எழுந்துவிட்டார். அப்படி நிறுத்திய மூன்று பேரை மெஷினக்கா பார்த்திருக்கிறாள். காத்திருப்பவர்களில் அடுத்தவர் பெயரை மூன்றாம் கட்டிலுக்கு எழுத வேண்டியது அவள் வேலை. பென்சிலை எடுத்தாள். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டாள். சோர்வு அவளுக்கு எப்போதுமே கைகொடுக்கும் காரணம்.

திங்கட்கிழமை டெய்லரம்மா சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள்.

"என்ன சார், கடைசில கப்பல் கிளம்பின இடத்துக்கே வந்து நிக்குதே! இதுக்கு என்ன சொல்றீங்க?"

"பரவாயில்ல."

"பரவாயில்லையா? நடைபாதை?"

"சின்னக் கப்பல்னா நடைபாதையும் சின்னதாத்தான் இருக்கும்."

"கேப்டன் அழுதாங்களே?"

"அழுகை வந்தா அழட்டுமே."

டெய்லரம்மா போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டாள். நாலு மணி நேரத்தில் மூன்றாம் கட்டில் மெஷின் ஒருமுறைகூடக் கத்தவில்லை. கத்தாத மெஷின்தான் நல்ல மெஷின் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மெஷினக்கா நாலு தடவை எழுந்துபோய் அது ஓடுகிறதா என்று பார்த்தாள்.

பத்து மணிக்கு ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினாள். ரத்தம் நிற்கப் பத்து நிமிடம் அழுத்த வேண்டும். அதுவரை அவர் எழுந்து போக முடியாது.

"என்னைக் கேட்டா சார், பழைய கேப்டனைவிடப் புது கேப்டன்தான் மேல்." பதினொரு வருடத்தில் அவள் சொன்ன முதல் அபிப்பிராயம். "அவரு என்ன பண்ணினாரு? உப்புக் கிரகத்துல ஆளுங்களை விட்டுட்டு ஓடி வந்தவருதானே?"

ஓடியது கப்பல் டாக்டர் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

சர்வேயர் மெல்லத் திரும்பினார். "ஓடினது டாக்டர். கேப்டன் காதைக் குடுத்து ஆளை மீட்டவர். பாத்தவங்க யாரும் இதைத் தப்பா சொல்ல மாட்டாங்க." கொஞ்ச நேரம் அவளை அளந்தார். "அக்கா, நீ எத்தனை எபிசோடு பாத்திருக்க?"

இரண்டாவது பொய்க்கு அவளிடம் தெம்பில்லை. "ஒண்ணுகூட இல்ல சார்."

பக்கத்துக் கட்டிலில் போர்வை விலகியது. "அடிப்பாவி! பாக்கெட் நல்லாருக்குன்னு சொன்னப்போ தலையாட்டினியே!"

"பதினோரு வருஷமா நான் யார்கிட்ட பேசிட்டிருந்தேன்?" என்றார் சர்வேயர். குரல் ஏறியிருந்தது. "அபிப்பிராயம் சொல்லணும்னா முதல்ல பாக்கணும். முதல் சீசன், முதல் எபிசோடு. பாத்துட்டு வந்து சொல்லு."

"யார்கிட்ட சார் சொல்றது? இன்னியோட நிறுத்தறேன்னீங்களே."

அவர் பஞ்சைப் பிடுங்கித் தானே அழுத்திக்கொண்டார்.

செவ்வாய் மத்தியானம் மெஷினக்கா கால்களை வெந்நீர் வாளியில் வைத்துக்கொண்டு முதல் எபிசோடைப் போட்டாள். "யாரு வேலைய வீட்டுக்குள்ள விட்டது?" என்றார் கணவர். ஒரு கதவு திறந்தது. நடைபாதையில் பழைய கேப்டன் நடந்து வந்தார், இரண்டு காதுகளோடு. எட்டுகளை எண்ணத் தொடங்கினாள். பத்தொன்பதுக்கு மேல் நினைவில்லை. விழித்தபோது தண்ணீர் ஆறியிருந்தது.

புதன்கிழமை ஆறு மணிக்கு மூன்றாம் கட்டில் காலி. காலிக் கட்டிலைப் பார்க்காமல் டெய்லரம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆறு பத்துக்கு மெஷினக்கா பென்சிலைத் தேடினாள். ஆறே காலுக்குச் சர்வேயர் வந்து எடை மெஷினில் ஏறி நின்றார்.

"பஸ் லேட்" என்றார். அவர் வீடு நடக்கிற தூரம்.

ஊசி ஏறும்வரை பொறுத்திருந்தார். "ம், சொல்லு. எப்படி?"

"நடைபாதை பத்தொம்பது எட்டுதான் சார்."

"என்னது!" கை வீசியது. மெஷின் கத்தியது. "நாப்பத்தொண்ணு! தூங்கிட்டியா நீ?"

"அக்கா எண்ணினா சரியாத்தான் இருக்கும்" என்றாள் டெய்லரம்மா, சுவரிலிருந்து திரும்பி.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இன்னொரு தடவை பாரு. முழிச்சுக்கிட்டு பாரு!"

இன்னும் இருநூற்றுப் பதின்மூன்று எபிசோடுகள் இருந்தன. மெஷினக்கா முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து பொத்தானை அமுக்கினாள்.

"கை, சார்."