எங்கள் பிரதியில் இல்லாத அத்தியாயம்

எனக்குப் பன்னிரண்டு வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போயிற்று. அதற்குப் பிறகு நான் கையில் எடுத்த புத்தகங்களை விடக் காதில் வாங்கிய புத்தகங்களே அதிகம். அவற்றில் பாதிக்கு மேல் ஒரே மனிதரின் குரலில் கேட்டவை.

அவர் ஓய்வு பெற்ற அதிகாரி. காரைக்காலில் ஒரு சிறிய நூலகத்தின் பின்பக்கம், பழைய செய்தித்தாள் கட்டுகள் அடுக்கிய அறையில் உட்கார்ந்து, பார்வையில்லாத எங்களுக்காக நாவல்களைப் படித்துப் பதிவு செய்வார். விசிறியின் சத்தம் பதிவில் விழுந்துவிடும் என்று அதை நிறுத்திவிடுவார். சித்திரை மாதத்திலும் அப்படித்தான். படித்து முடித்து அவர் வெளியே வரும்போது சட்டை உடம்போடு ஒட்டியிருக்கும் என்று நூலகப் பொறுப்பாளர் எங்களிடம் பெருமையாகச் சொல்வார். பதிவுகள் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வரும். செல்போன் பழக்கமில்லாதவர்களுக்கு மெமரி கார்டில் ஏற்றித் தருவார்கள். வெளியூர் நூலகங்களுக்கும் அனுப்புவார்கள்.

நல்ல குரல். அதை நான் மறுக்கவில்லை.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் தொலைபேசி இயக்குநர். நெரவியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். பக்கத்து மேசையில் இருந்த எழுத்தர் என்னைவிட நாலைந்து வயது இளையவள். அவள் கணவர் துபாயில் வேலை செய்கிறார். அவளும் புத்தகம் படிக்கிறவள் என்பதால் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு வேறு பேச்சு கிடையாது. ஒருநாள் நான் சொல்லித்தான், அவர் குரலில் நான் கேட்டிருந்த ஒரு நாவலை வாங்கிப் படித்தாள். படித்து முடித்த அன்று சொன்னாள்:

"அக்கா, கடைசி அத்தியாயத்த விட அந்தப் பதினஞ்சாவதுதான் மனசுல நிக்கிது. இருபத்திரெண்டுலயும் அது மாதிரி வேற இல்ல."

"இருபத்தொண்ணுதானே?"

"இல்லக்கா, இருபத்திரெண்டு. புத்தகம் கையிலதான் இருக்கு."

பதினைந்தாவதில் என்ன வருகிறது என்று கேட்டேன். கதாநாயகி கணவனை விட்டு வெளியேறி, மூன்று நாள் இன்னொருவனோடு போய் இருக்கிறாள். பிறகு யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் வீட்டுக்குத் திரும்பி வந்து உலை வைக்கிறாள். நான் கேட்ட நாவலில் அது இல்லை. பதினான்கில் அவள் கோபமாக வாசலில் நிற்பாள். அடுத்ததில் அவளுக்குத் தலை நரைத்திருக்கும். பதினாறாவது அத்தியாயத்தைப் பதினைந்து என்று எண் மாற்றிப் படித்திருந்தார் அவர்.

எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, கூச்சம். ஏனென்றால் நூலகத்தில் நடந்த வாசகர் கூட்டத்தில் அந்த நாவலைப் பற்றி நான் பேசியிருந்தேன். அந்த இடத்தில் ஆசிரியர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் தாண்டிப் போவது எவ்வளவு பெரிய கலை என்று கால்மணி நேரம் விளக்கினேன். முன்வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் என் பக்கம் வந்து, "ரொம்ப நுட்பமா கவனிச்சிருக்கீங்கம்மா" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் மன்னிக்கவில்லை. இன்றுவரை இல்லை.

அடுத்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் சாப்பாட்டு நேரத்தில் சரிபார்க்க ஆரம்பித்தோம். அவள் கையில் புத்தகம், என் ஒரு காதில் அவர் குரல். அவள் மெதுவாகப் படித்துக்கொண்டே வருவாள். வித்தியாசம் வந்த இடத்தில் நான் கையைத் தூக்குவேன். மூன்று புத்தகங்கள் முடிக்க ஆறு வாரம் ஆயிற்று. முத்தம் கொடுக்கும் இடங்கள் போயிருந்தன. ஒரு தாய் சாமியைத் திட்டும் பக்கம் போயிருந்தது. ஒரு சிறுகதையில் அண்ணன் ஏன் ஊரைவிட்டே போனான் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. எழுதியவருக்குக் கதை சொல்லத் தெரியவில்லை என்று நினைத்திருந்தேன். அந்த அண்ணனை ஏமாற்றி நிலத்தை எழுதி வாங்கியவன் ஒரு குருடன். எங்கள் மனம் புண்படும் என்று அவனை முழுசாக எடுத்துவிட்டிருந்தார்.

"போய்க் கேட்டுருவோம்க்கா" என்றாள் அவள்.

"வேணாம். தனியா கேட்டா தனியா சமாதானம் சொல்லுவாரு."

அந்த ஆறு வாரமும் அவருடைய ஒவ்வொரு புதுப் பதிவுக்கும், "ரொம்ப நல்லா இருந்துச்சு சார்" என்று குரல்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு ஒரு ருசி இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

நூலக ஆண்டு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்துவதாக முடிவாயிற்று. கேட்பவர்கள் சார்பில் நாலு வார்த்தை பேச என்னை அழைத்தார்கள். அலுவலகத் தோழி சொல்லச் சொல்ல அந்தப் பதினைந்தாவது அத்தியாயத்தைப் பிரெய்லில் குத்தி எடுத்துக்கொண்டேன். தடித்த தாளில் ஒரு கட்டு வந்தது.

மேடையில் வணக்கம் சொல்லிவிட்டு, "சார் நமக்காகப் படிச்ச நாவல்லேருந்து ஒரு அத்தியாயம் வாசிக்கிறேன்" என்றேன். கைதட்டினார்கள். விரலால் தடவித் தடவிப் படித்தேன். முதல் பக்கம் வரை சும்மா இருந்தார்கள். இரண்டாம் பக்கத்தில் எங்கள் ஆட்களிடையே முணுமுணுப்பு கிளம்பியது. "இது நம்ம கேட்டதுல இல்லியே" என்று ஒரு குரல் கேட்டது. நான் நிறுத்தவில்லை. அவள் உலை வைக்கும் வரை படித்தேன். பிறகு, "இது புத்தகத்துல இருக்கு, நம்ம பதிவுல இல்ல. இன்னும் ரெண்டு புத்தகத்துலயும் இப்படி இருக்கு, பட்டியல் எங்கிட்ட இருக்கு" என்று சொல்லி இறங்கினேன்.

மேடைப் படியருகே அவர் குரல் கேட்டது. "உங்க நல்லதுக்குத்தானம்மா செஞ்சேன்."

"சார், எனக்கு நாப்பத்தி நாலு வயசாவுது."

பொன்னாடையை வாங்காமலேயே அவர் கிளம்பிப் போய்விட்டார் என்று தோழி சொன்னாள். அவர் முகம் எப்படி இருந்தது என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் சொன்னாள்.

அதன்பின் அவர் அந்த அறைக்கு வரவில்லை. நூலகப் பொறுப்பாளர் என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை. விழிதியூரிலிருந்து எங்கள் குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் போன் செய்து, "முழுசா இல்லாட்டியும் ஏதோ காதுல விழுந்துகிட்டு இருந்துச்சு. இப்ப அதுவும் இல்லாம பண்ணிட்டியே தாயி" என்றார். ஏறக்குறைய அரை வருஷம் எங்களுக்குப் புதுப் புத்தகம் வரவில்லை. மழைக்காலம் முழுக்கப் பழையதையே கேட்டேன், எதை வெட்டியிருப்பாரோ என்ற சந்தேகத்தோடு.

இப்போது கல்லூரி ஆசிரியைகள் இரண்டு பேர் படிக்கிறார்கள். திக்கித் திணறித்தான் படிக்கிறார்கள். ஒவ்வொரு பதிவையும் நானும் தோழியும் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சரி என்று சொன்ன பிறகே குழுவுக்குப் போகிறது. வெளியூர் நூலகங்களுக்கு எழுதி, அவரது பழைய பதிவுகளை எடுத்துவிடச் சொன்னவளும் நான்தான். சில நூலகங்கள் எடுத்தன.

போன மாதம் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் அந்தக் குரல். கொஞ்சம் தளர்ந்திருந்தது.

"நெரவி பஸ் அந்தாண்ட நிக்கிதும்மா. கையப் பிடிச்சுக்குங்க, கூட்டிட்டுப் போறேன்."

யாரென்று எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். கையை நீட்டியபடி நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். நான் குச்சியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, டீக்கடை ஓரமாக நின்ற இன்னொரு பெண்ணிடம் நெரவி பஸ் எது என்று கேட்டேன். அவள் கூட்டிப்போய் ஏற்றிவிட்டாள்.