தையல்கார அக்காவும் பொதுச் சாக்கடையும்

"மூச்சை இழுக்காதீங்க, தொப்பை எங்கயும் போயிடாது" என்று இரண்டாம் மாடிக்காரரின் இடுப்பில் டேப்பைச் சுற்றியபடியே, "நோன்பு என்னைக்கு முடியுது?" என்றும் கேட்டுவைத்தாள் தையல்கார அக்கா. வம்புக்கு அல்ல. அந்தக் கட்டடத்தில் வீட்டுக்கொரு சாமி, வீட்டுக்கொரு பாஷை. எல்லோருக்கும் விசேஷத் துணி தைப்பவள் அவள்தான். யாருக்கு எந்த நாள் ஆகாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

பின்பக்கத்துச் சாக்கடையை வாரம் ஒரு வீடு கம்பி விட்டு அடைப்பெடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தவறினால் முதலில் முழுகுவது தரைத்தளத்தில் இருக்கும் அவள் கடை. அப்படியும் அடுத்தவர் முறையில் அவள் கை வைக்க மாட்டாள். "ஒரு தடவை இரக்கப்பட்டா போச்சு. அப்புறம் ஆயுசுக்கும் அது என் தலையிலதான்."

நான்காம் மாடிப் பல் டாக்டருக்கு மட்டும், முறை வரும்போதெல்லாம் ஒரு விரதமும் கூடவே வந்துவிடும். வேறு வீட்டோடு மாற்றிக்கொள்ளவும் மாட்டார். "எங்க வழக்கம் அக்கா" என்று ஒரே போடாகப் போடுவார். அவளும் மறுத்துப் பேசியதில்லை. "ஊரார் வாய்க்குள்ள நாள் பூரா கை விடறவரு, இதுல விட்டா என்னவாம்?" என்று தையல் மெஷினிடம் மட்டும் முறையிடுவாள்.

போன வாரம் அடைமழை. டாக்டர் முறை. கடை வாசற்படியைத் தண்ணீர் தொட்டுவிட்டது. மாடியேறிக் கதவைத் தட்டினாள்.

"பிரார்த்தனை நேரம், அக்கா."

"தாராளமா பண்ணுங்க டாக்டர். முடிச்சிட்டு வாங்க."

இறங்கி வந்தாள். தரையில் கிடந்த துணி மூட்டைகளை ஒவ்வொன்றாக மேசைமேல் ஏற்றினாள். ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள். பிரார்த்தனை முடித்து வந்து எட்டிப் பார்த்த டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயய்யோ, அது என் அங்கியாச்சே! எடுத்து மேல வைக்கக் கூடாதா?"

"பிரார்த்தனைத் துணி. நான் தொடலாமோ கூடாதோ!"

"தைச்சதே நீங்கதானே!"

"அன்னைக்கு விரதம் இல்லையே, டாக்டர்."

படி தாண்டிய தண்ணீர் கால்விரலைத் தொட, அங்கியை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார் டாக்டர். அக்கா கம்பியை நீட்டினாள்.

"அதை நான் பிடிச்சுக்கறேன். இதை நீங்க பிடிங்க."

அங்கி மூட்டைகளுக்கெல்லாம் உச்சியில் ஏறியது. டாக்டர் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, முணுமுணுத்தபடி சாக்கடையோரம் குந்தினார். அக்கா பின்னாலேயே போய், தான் தொப்பலாக நனைந்தபடி, இருந்த ஒரே குடையை அவர் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தாள்.