கப்பில் எழுதிய பெயர்

அந்தப் பெரிய கடையின் காபியைக் கழுநீர் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். மோதி பாக்கில் எங்கள் குடியிருப்புத் தமிழ் மன்றத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். ஊருக்கு ஊர் ஒரே பலகை, ஒரே நாற்காலி, ஒரே கருகல் வாசனை, இதில் போய் உட்காருகிறவனுக்கு நாக்கு என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன். கைதட்டினார்கள். என் மகளும் முன்வரிசையில் உட்கார்ந்து தட்டினாள். அன்று காலைதான் அந்தக் கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தேன்.

நான் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். டெல்லிக்கு வந்து இருபத்தைந்து வருஷமாகியும் கரோல் பாக்கில்தான் காபிப் பொடி வாங்குவேன், சிக்கரி எவ்வளவு என்று கடைக்காரரிடம் சண்டை பிடிப்பேன். டிகாக்‌ஷன் இறங்கும்வரை அடுப்படியில் நின்று மனைவியின் உயிரை வாங்குவேன். எனக்குக் காபி குடிப்பதைவிட அதைப் பற்றிப் பேசுவதில்தான் ருசி என்று அவள் சொல்வாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை.

பெயர் விஷயத்திலும் நான் அப்படித்தான். மகளுக்கு நடுவில் ஒரு ழகரம் வரும் நீளமான தமிழ்ப் பெயரைத் தேடிப்பிடித்து வைத்தேன். நடக்கும் தூரத்தில் தமிழ்ப் பள்ளி இருக்க, அவளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தவனும் நான்தான். பெயராவது தமிழாக இருக்கட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேனோ என்னவோ. அந்தப் பள்ளியில் ஆசிரியை முதல் வேன் டிரைவர் வரை ஒருவர் வாயிலும் அந்த ழ வரவில்லை. ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்து, அந்த இடத்தில் வண்டு பறப்பதுபோல் ஒரு சத்தம் போட்டார்கள். பிள்ளைகள் அதையே கேலிக்கு வைத்துக்கொண்டார்கள்.

எட்டாம் வகுப்பு தொடங்கியபோது புதுநோட்டுகளின் லேபிள்களில் அவள் பெயரைச் சுருக்கி எழுதியிருந்தாள். தோழிகள் வைத்த பெயராம், இரண்டே எழுத்து, வட இந்தியப் பெண் என்றே நினைப்பார்கள். நான் ஒவ்வொரு நோட்டாக எடுத்து லேபிளைக் கிழித்தேன். பேரைச் சுருக்கினால் ஆளே சுருங்கிப்போவாய் என்றேன். முழுப் பெயரை எழுதிய புது லேபிள்களை அவளையே ஒட்டவைத்தேன். அவள் அழவில்லை. கோந்து டப்பாவை மூடிவிட்டு எழுந்து போனாள். பிள்ளையைத் தமிழச்சியாக வளர்க்கிறேன் என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை.

அந்தக் காபிக் கடைக்குள் நான் முதலில் போனது அதற்குப் பல வருஷம் கழித்து, ஒரு மே மாதத்துப் பகலில். சாணக்யபுரியில் ஒரு மாநில விருந்தினர் இல்லத்தில் ஊரிலிருந்து வந்த அதிகாரியைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து வரச்சொல்லி போன் வந்தது. வெளியே அனல் காற்று. எதிரே அந்தக் கடை. ஏசிக்காகத்தான் போனேன், வேறு வழியில்லாமல் ஒரு காபி சொன்னேன். கப்பில் எழுத வேண்டும் என்று கவுண்டரில் இருந்த பெண் பெயரைக் கேட்டாள். சொன்னேன். மறுபடி கேட்டாள். எழுத்துக் கூட்டிச் சொன்னேன். என் பெயரும் குட்டையானதல்ல. பின்னால் நின்ற ஒருவர், "ஜல்தி, பாய்சாப்" என்று பெருமூச்சு விட்டார். சின்னதாக ஏதாவது பெயர் சொல்லுங்கள் சார் என்று அவள் இந்தியில் கேட்டாள்.

வடக்கே தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் இரண்டெழுத்துப் பெயர் ஒன்று என் வாயில் வந்தது. சொல்லிவிட்டேன். அவள் முகம் மலர, ஒரே இழுப்பில் எழுதிவிட்டாள். பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று உறைக்காமல் உட்கார்ந்திருந்தேன். காபி ஆறிப்போயிருந்தது. கழுநீர்தான், அதில் மட்டும் நான் பொய் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை வாக்கிங் என்று வீட்டில் சொல்லிவிட்டு அங்கே போனேன். இந்தத் தடவை கேட்டதுமே அந்தப் பெயரைச் சொன்னேன். மொபைல் நம்பர் கேட்டார்கள், அதையும் கொடுத்தேன். நம்பரோடு அந்தப் பெயரும் கணினியில் ஏறிக்கொண்டது. அதற்குப் பிறகு பெயரைக் கேட்கக்கூட இல்லை.

ஏன் போனேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். இந்தக் கடைகளைத் திட்டாதவர் இல்லை, அப்படியும் அங்கே நாற்காலி காலியாகக் கிடைப்பதில்லை. மன்றத்தில் எனக்கு அடுத்துப் பேசி என்னைவிடக் காரசாரமாகத் திட்டியவரை ஒருநாள் அங்கேயே மூலை சோபாவில் பார்த்தேன். அவர் பேப்பரை உயர்த்திக்கொண்டார், நான் போனைக் காதில் வைத்துக்கொண்டேன். எங்களை அங்கே இழுத்தது காபி இல்லை. நம் ஓட்டலில் டம்ளர் காலியானதும் துணியோடு வந்து நின்று மேஜையைத் துடைப்பார்கள். இங்கே யாரும் எழுந்திருக்கச் சொல்வதில்லை. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, எந்த கிரேடு என்று கேட்பதில்லை. எல்லாக் கிளையும் ஒரே மாதிரி இருப்பதால் எந்தக் கிளையிலும் புது ஆளாக முழிக்க வேண்டியதில்லை. அலுவலகத்தில் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நான் மதராஸி சார். மன்றத்தில் தமிழ்க் காவலன். அங்கே மட்டும் இரண்டெழுத்துக்காரன். அவனுக்கு இந்தியில் உச்சரிப்புக் கோளாறு இல்லை, யாரும் அவனைத் திரும்பச் சொல்லச் சொல்வதில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், அவனாக இருப்பது எனக்குச் சுகமாக இருந்தது.

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. மகள் இப்போது முனிர்காவுக்குப் பக்கத்தில் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறாள். போன மாதம் அவளுடைய ஆய்வுக் கட்டுரையை ஒரு கருத்தரங்கில் படிக்க ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் என்னைக் காபிக்குக் கூப்பிட்டாள். அந்தக் கடைதான், அவள் கல்லூரிப் பக்கத்துக் கிளை. எனக்காக ஒரே ஒரு தடவை அந்தக் கழுநீரைக் குடியுங்கள் என்று கெஞ்சினாள். நான் மூக்கைச் சுளித்தேன், பிகு செய்துகொண்டேன், உனக்காக வருகிறேன் என்றேன். வேறு கிளை, யாருக்கு என்னைத் தெரியப்போகிறது என்ற தைரியம்.

அவள்தான் இரண்டு காபி சொன்னாள். கவுண்டரில் இருந்தவர் மொபைல் நம்பர் கேட்டார். எங்கள் வீட்டில் கடையில் யார் கேட்டாலும் என் நம்பரைச் சொல்லித்தான் எல்லோருக்கும் பழக்கம். அவளும் அதையே சொன்னாள். நான் தடுப்பதற்குள் திரையில் வந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, அந்த இரண்டெழுத்தோடு ஒரு 'ஜி'யும் சேர்த்து வரவேற்றார். நம்ம பழைய வாடிக்கையாளர், இன்றைக்கு உங்களுக்கு ஒரு காபி இலவசம் என்றார்.

அது வேறு யாரோ, நம்பர் மாறிவிட்டது என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அசடு வழிய நின்றேன்.

கப்பில் என்ன பெயர் எழுத என்று அவர் கேட்டார். அவள் தன் முழுப் பெயரைச் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. எழுத்துக் கூட்டினாள், எழுதியதைப் பார்த்து ஒரு எழுத்தைத் திருத்தினாள், மறுபடி சொன்னாள். முகத்தில் எரிச்சலே இல்லை. ஆதார் அலுவலகத்தில், ஆஸ்பத்திரியில், பரீட்சை ஹாலில், இன்டர்வியூவில் இப்படித்தான் இத்தனை வருஷமாக நின்று சொல்லியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் தலையில் அதை ஏற்றிவைத்தவன் நான். நான் சுமந்தது ஒரே ஒரு பகல், அதிலும் பின்னால் ஒருவர் பெருமூச்சு விட்டதோடு இறக்கிவைத்துவிட்டேன்.

இரண்டாவது கப்புக்கு என்ன பெயர் என்று அவர் கேட்டார். என் பெயரை நானே சொல்லியிருக்கலாம். சுவரில் இருந்த விலைப்பட்டியலைப் படிப்பதுபோல் நின்றேன். உங்களிடம் இருக்கிறதே அண்ணா, அதையே எழுதுங்கள் என்று அவள் இந்தியில் சொன்னாள்.

உட்கார்ந்தோம். ஏதாவது விளக்கம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வெயில், வரிசை, அவசரம் என்று மூன்று நாலு சொற்கள் வந்தன. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அதெல்லாம் இருக்கட்டும்ப்பா. அன்னிக்கு என் லேபிளெல்லாம் ஏன் கிழிச்சீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவளுக்கு நிஜமாகவே பதில் வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து வேண்டியிருந்திருக்கிறது. மன்றத்தில் மணிக்கணக்காகப் பேசுகிறவனுக்குச் சொந்த மகளிடம் மன்னிப்பு என்ற ஒரு வார்த்தைகூட வரவில்லை. மேஜையில் கிடந்த டிஷ்யூவை மடித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அந்த ழ இருக்கும் இடத்தில் வழக்கம்போல் வண்டு பறந்தது. அவள் எழுந்து போய்த் தன் கப்பை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அடுத்து அந்த இரண்டெழுத்தைக் கூப்பிட்டார்கள். நான் அசையவில்லை. கடையே கேட்கும்படி இன்னொரு தடவை கூப்பிட்டார்கள்.

"போங்கப்பா, உங்களத்தான் கூப்பிடறாங்க" என்றாள்.

எழுந்து போய் வாங்கிக்கொண்டேன்.