துண்டுக்கு அடியில் பேசிய வீடு

அறுபத்தெட்டில் நாங்கள் ராயக்கோட்டையில் ஓர் ஒற்றை அறையில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்ததால் எங்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அம்மா கைக்குழந்தையோடு இருந்தாள். வேறு வாடகை வீடு கிடைக்கவில்லை. அடுத்த தெருவில் கிணறும் கொய்யா மரமுமாக ஓர் ஓட்டு வீடு பூட்டியே கிடந்தது. விற்கப்போவதாக யாரும் சொல்லவில்லை. கேட்டுத்தான் பார்ப்போமே என்று அப்பா கிளம்பினார்.

பாகப்பிரிவினையில் அந்த வீட்டைப் பெற்றவர் உத்தனப்பள்ளியில் அண்ணன்மாரோடு விவசாயம் செய்துகொண்டிருந்தார். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எதையும் நேராகக் கேட்டுப் பழகியவர். அதனால் அம்மா, மாட்டுத் தரகரான தன் தம்பியையும் உடன் அனுப்பினாள். நானும் தொற்றிக்கொண்டேன்.

களத்தில் எல்லோரும் நிலக்கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அப்பா நின்றபடியே, "உங்க ராயக்கோட்டை வீட்டை எங்களுக்குக் குடுப்பீங்களா?" என்றார்.

பெரிய அண்ணன் நிமிர்ந்தார். "ஏன் வாத்தியாரே, எங்க வீட்ல ஒல கொதிக்கிலன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

களமே சிரித்தது. வீட்டின் சொந்தக்காரர் முகம் கறுத்துவிட்டது. "விக்கிறதுக்கு இல்லீங்க" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

அப்பா செருப்பைத் தேடினார். மாமா மட்டும் அசையவில்லை. "சரி, வுடுங்க கவுண்டரே. அந்தச் செவலக் காளையாச்சும் குடுப்பீங்களா?"

"அத வேணா கேளுப்பா" என்றார் அண்ணன்.

மாமா சொந்தக்காரரைக் காளையருகே அழைத்துப் போனார். குனிந்து காதில் ஏதோ சொன்னார். பிறகு அவர் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டார். சந்தையில் தரகர்கள் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் விரலைத் தொட்டுத்தான் பேசுவார்கள். வெகுநேரம் பேசினார்கள். காளையை இருவருமே பார்க்கவில்லை. சொந்தக்காரர் ஒருமுறை அப்பாவைப் பார்த்தார், ஒருமுறை என்னை. கடைசியில், "கட்டுப்படியாவாதுப்பா!" என்று உரக்கச் சொல்லிக் கையை எடுத்துக்கொண்டார்.

எனக்கு அழுகை முட்டியது. வீடு கேட்க வந்த இடத்தில் மாமா மாடு பேசினார், மாடும் கிடைக்கவில்லை.

பஸ் ஏற்றிவிட ரோடுவரை வந்த சொந்தக்காரர் என் பக்கம் குனிந்து தணிந்த குரலில் சொன்னார்: "பாப்பா, கொய்யா மரத்துல கெணத்துப் பக்கம் போற கெளையில ஏறாத. அது முறிஞ்சிடும்."

பஸ்ஸில் மாமாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். விற்கமாட்டேன் என்று சொன்ன வீட்டு மரத்தில் நான் எதற்கு ஏறப்போகிறேன்?