தனம் அத்தை வீட்டு ரோஜாப் பாத்தி

செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்கூல் ஆட்டோ வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா போனைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள். "தனம் போய்ட்டாங்க" என்றாள். காலனி குரூப்பில் படத்தோடு செய்தி வந்திருந்தது. நுரையீரலில் சளி கட்டி, ரயில்வே ஆஸ்பத்திரியில் விடிகாலை உயிர் பிரிந்தது என்று எழுதியிருந்தார்கள். படத்தில் அத்தை சிரித்துக்கொண்டிருந்தார். போன தீபாவளிக்கு நான் எடுத்த படம் அது. அதில் அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு நாய்கள் நின்றிருந்தன. யாரோ அவற்றை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். இடது ஓரத்தில் ஒரு காது மட்டும் மிச்சம் இருந்தது. "ஆட்டோ போயிரும், போ" என்றாள் அம்மா. நான் போனேன். அன்று கணக்குப் பரீட்சை. எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை கம்யூனிட்டி ஹாலில் அஞ்சலிக் கூட்டம். காலனித் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் மாமா வீட்டுக்கு வந்து, "நம்ம பிள்ளைங்கள்ல தமிழ் எழுதத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். தனத்தைப் பத்தி, அவங்ககிட்டேருந்து உனக்கு என்ன மிஞ்சிச்சுன்னு ஒரு பக்கம் எழுதிப் படிச்சிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு பக்கம் எழுதிக் காட்டிவிட்டேன். அன்பானவர், உழைப்பாளி, எல்லோருக்கும் உதவியவர் என்று அதில் இருக்கிறது. நன்றாக வந்திருக்கிறது என்றார் மாமா. இது இரண்டாவது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு பயாலஜி ரெக்கார்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இதுவும் தனம் அத்தையைத் தெரிந்த உங்களுக்காகத்தான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அத்தையின் நாய்களுக்கு விஷம் வைத்தவர் என் அப்பா என்று நீங்கள் நம்புகிறீர்கள். அப்பா வைக்கவில்லை. அவை என்னால் செத்தன. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் நான்தான்.

ஹைதராபாத் மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் நடுவில் பழைய ஸ்லீப்பர் கட்டைகளை நட்ட வேலி மட்டும்தான். அத்தை குடியாத்தத்துக்காரர். கணவர் இறந்த பிறகு லோகோ ஷெட்டில் வேலை கிடைத்து வந்தவர். பிள்ளைகள் இல்லை. நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். அப்பா பாயிண்ட்ஸ்மேன். இந்தப் பக்கத்து மண்ணில் மண்வெட்டி போட்டால் தீப்பொறி பறக்கும். அத்தை கடப்பாரையால் குத்திக் குத்தி, பாறைத் துண்டுகளைப் பொறுக்கி வெளியே போட்டு, எங்கிருந்தோ மூட்டை மூட்டையாகச் செம்மண் கொண்டுவந்து கொட்டி அந்தக் காம்பவுண்டைத் தோட்டமாக்கினார். கனகாம்பரம், கோங்கூரா, சுரைப்பந்தல், கேட்டருகே ஆறு ரோஜாச் செடிகள். அத்தனையையும் இரண்டு நாய்களை வைத்துக்கொண்டு வளர்த்தார் என்பதுதான் ஆச்சரியம்.

ஒன்றின் பெயர் பூரி. உப்பிய வெள்ளை நாய். மற்றது பழுப்பு நிறம், சின்னது. நாள் முழுக்க "நக்கோ, நக்கோ" என்று, அதாவது இந்த ஊர் உருதுவில் வேண்டாம் வேண்டாம் என்று, அதை அதட்டி அதட்டி அதுவே அதன் பெயராகிவிட்டது. வேண்டாம் என்று கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வரும் நாய் ஹைதராபாத்தில் அது ஒன்றுதான் இருந்திருக்கும். பூரி பாத்தியில் படுத்துச் செடியை நசுக்கும். நக்கோ தோண்டும். அத்தை ஷெட்டிலிருந்து வந்ததும் பையைக்கூட வைக்காமல் சுற்றிப் பார்ப்பார். "தோண்டிட்டானா? சரி வுடு, நாளைக்கு நான் தோண்ட வேண்டியது. வேலை மிச்சம்" என்பார். ஒருநாள் கனகாம்பரம் முழுவதும் வேரோடு கிடந்தபோது இடுப்பில் கைவைத்து நின்று சொன்னார்: "செடிக்கு வாயே இல்ல. இவனுங்களுக்கு வாய மூடவே தெரியல. நடுவுல நான் இன்னா பண்றது, நீயே சொல்லு கண்ணு."

நாய்கள் கேட்டை அசிங்கம் செய்கின்றன என்று மூன்றாவது வீட்டில் புகார் வந்தது. பாட்டிலில் நீலம் கரைத்துக் கட்டித் தொங்கவிட்டால் நாய் கிட்டவே வராது என்று அந்த வீட்டு ஆன்ட்டி சொன்னார். அத்தை ஆறு பாட்டில் கட்டினார். மறுநாள் ஆறும் கீழே கிடந்தன. நக்கோவின் வாய் இரண்டு நாள் நீலமாக இருந்தது. அத்தை அதன் மூஞ்சியைப் பிடித்து அந்த ஆன்ட்டியிடம் காட்டினார். "ஊருல இருக்கிற நாயெல்லாம் பயப்படற தண்ணிய என் புள்ள குடிச்சே காலி பண்ணிட்டான். இப்ப இன்னா கட்டட்டும், உங்க வீட்டுக்காரரையா?" அந்த ஆன்ட்டியே சிரித்துவிட்டார்.

அப்பா சிரிக்கவில்லை. அவருடைய டூட்டி ஷூவில் ஒன்று காணாமல் போய், இரண்டு மாதம் கழித்து அத்தையின் கொத்தமல்லிப் பாத்தியில் கிடைத்தது. ஷூவுக்குள் கொத்தமல்லி முளைத்திருந்தது. அத்தை அதை அப்படியே வேலிக்கு மேலே நீட்டி, "அண்ணே, உங்க ஷூவுல நல்லாத்தான் வருது, இன்னொன்னும் குடுங்க" என்றார். அப்பா இரவு டூட்டி முடிந்து வந்து தூங்க முயன்றுகொண்டிருந்தார். எழுந்து வெளியே வந்தார். "ராத்திரி பூரா தண்டவாளத்துல நின்னுட்டு வாரேன். பகல்ல கண்ண மூட விடுதா இந்தச் சனியனுவ? ஒரு நாளு சோத்துல வச்சுக் குடுத்துருதேன், பாரு" என்று தெருவே கேட்கக் கத்தினார். நீங்கள் கேட்டீர்கள். பிறகு என்னைப் பார்த்து, "ஏட்டி, பத்தாங்கிளாஸு படிக்கியா, நாய் மேய்க்கியா? இனி அந்தக் காம்பவுண்டுல காலு வச்சே, தெரியும்" என்றார்.

அதற்கு அடுத்த வாரம் அத்தை அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் குடியாத்தம் போனார். நான்கு நாள். வேலியோரம் என்னைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். "உங்கப்பாக்குத் தெரியாம வந்து சோறு மட்டும் வெச்சிடு கண்ணு. செடிக்குத் தண்ணி ஊத்தினா ஊத்து, இல்லன்னா நக்கோ." தண்ணீர் ஊற்றியதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ரோஜாக்கள் அந்த வருஷம் சரியாகப் பூக்கவில்லை. அத்தை திரும்பி வரும்போது உரம் வைத்த பாத்தியைக் காட்ட ஆசைப்பட்டேன். அத்தை எப்போதும் போடுவது வேப்பம்பிண்ணாக்கு. கசப்புக்கு நாய் வாய் வைக்காது. நர்சரியில் அது தீர்ந்துபோயிருந்தது. கடைக்காரர் வேறு ஒரு பையை எடுத்துத் தூசி தட்டினார். "இதி தீஸ்கோ அம்மா, ரோஜாலகு இதே பெஸ்ட்" என்று தெலுங்கில் சொல்லி நீட்டினார். ஆமணக்குப் பிண்ணாக்கு. எலும்புத்தூளும் கலந்தது. எலும்புத்தூள் போட்டால் நாய்கள் பாத்தியையே தோண்டித் தின்றுவிடும் என்று அத்தை சொல்லியிருந்தது ஞாபகம் இருந்தது. மண்ணைப் போட்டு மூடினால் தெரியாது என்று நினைத்தேன்.

நான் கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் இரண்டும் தோண்டிவிட்டன. பூரிகூட எழுந்து வந்து தின்றது. எனக்குச் சிரிப்பாக இருந்தது. அம்மாவின் போனில் வீடியோ எடுத்தேன். அதில் நான் "நக்கோ, நக்கோ" என்று சொல்வதும் சிரிப்பதும் கேட்கும். அதைப் பிறகு அழித்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் போனபோது இரண்டும் வாந்தி எடுத்திருந்தன. சோற்றைத் தொடவில்லை. குப்பையில் எதையாவது தின்றிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரிடமாவது சொல்லியிருந்தால் டாக்டரிடம் கொண்டுபோயிருப்பார்கள். சொன்னால் நான் அங்கே போனது அப்பாவுக்குத் தெரியும். அப்பா என்னை இரண்டே தடவை அடித்திருக்கிறார். இரண்டும் பொய் சொன்னதற்காக. நான் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் ரத்தமாகப் போனது. நான்காம் நாள் காலையில் அத்தை ஆட்டோவில் வந்து இறங்கியபோது நக்கோ துளசி மாடத்தின் பின்னால் விறைத்துக் கிடந்தது. பூரி அன்று மத்தியானம் அத்தை மடியில் தலை வைத்தபடியே போனது. வந்து பார்த்த கால்நடை டாக்டர், ஏதோ விஷம் உள்ளே போயிருக்கிறது என்றார்.

அத்தை என்னைத் திட்டவில்லை. "நீ இன்னா குடுத்த?" என்று மட்டும் கேட்டார். "சோறும் தயிரும்" என்றேன். அது உண்மைதான். கொஞ்ச நேரம் கழித்து, "உங்கப்பா இந்தப் பக்கம் வந்தாரா?" என்று கேட்டார். அப்பா வரவில்லை. வரவே இல்லை. நான் "தெரியல அத்தை" என்றேன். இந்தக் காலனியில் என் அப்பாவுக்கு நடந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையால் நடந்தது.

அன்று சாயங்காலம் அத்தை வேலியருகே வந்து நின்றார். அப்பாவுக்குப் பின்னால் நானும் நின்றிருந்தேன். "அண்ணே, ஒன்னே ஒன்னு கேக்கறேன். நீங்களா?"

"நான் இல்லம்மா. வாயால ஆயிரம் சொல்லுவேன். செய்ய மாட்டேன்."

"சொன்னவங்க வேற யாரும் இல்லியே அண்ணே."

அதற்குப் பிறகு அத்தை அப்பாவோடு பேசவில்லை. நீங்களும்தான். ஸ்டேஷன் டீக்கடையில் யாரோ, "அண்ணனுக்கு டீய நீயே ஊத்திக் குடுப்பா, அவர் கைல சீனி டப்பாவ குடுத்துடாத" என்று சொன்னார்களாம். அப்பா இப்போது பிளாஸ்க்கில் டீ கொண்டுபோகிறார்.

இரண்டு வாரம் கழித்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான் ஒளித்துவைத்திருந்த பிண்ணாக்குப் பையை எடுத்தேன். பின்பக்கத்தில் தெலுங்கில் சின்ன எழுத்தில், பிராணிகள் தின்றால் ஆபத்து, எட்டாமல் வைக்கவும் என்று அச்சடித்திருந்தது. வாங்கிய அன்று படிக்க அரை நிமிஷம் ஆகியிருக்காது. பையை மடித்து ஸ்கூல் பேகில் வைத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன்.

அத்தை ரோஜாப் பாத்தியின் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆறு செடிகளும் பூத்திருந்தன. அந்தத் தோட்டத்தில் ரோஜா அப்படிப் பூத்து நான் பார்த்ததே இல்லை. அத்தை ஒன்றைக்கூடப் பறிக்கவில்லை. "நோண்ட ஆளு இல்ல. பாரு, எப்டிப் பூக்குது" என்றார். "அத்தை, ஒன்னு சொல்லணும்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். "நீ ஒன்னும் சொல்லாத. உங்கப்பன் பண்ணதுக்கு நீ இன்னா பண்ணுவ? இந்தக் காலனில நான் நம்பறது உன்ன மட்டும்தான்." நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

மூன்று மாதம் கழித்து அவருக்குக் காய்ச்சல் வந்தது. குறையவே இல்லை. சனிக்கிழமை அம்மா, அப்பாவிடம் சொல்லாமல் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அம்மா டாக்டரைப் பார்க்க வெளியே போயிருந்த நேரத்தில் அத்தை ஆக்சிஜன் மாஸ்க்கைத் தள்ளினார். "உங்கப்பாகிட்ட சொல்லு. நான் மனசுல ஒன்னும் வெச்சிக்கல. மன்னிச்சிட்டேன்னு சொல்லு." நான், "அத்தை, அப்பா..." என்று ஆரம்பித்தேன். நர்ஸ் ஓடிவந்து, "பேசக் கூடாதும்மா" என்று மாஸ்க்கைத் திரும்பப் போட்டுவிட்டார். இன்னும் இரண்டு வார்த்தை போதும். இல்ல, நான். மாஸ்க் போட்டிருந்தாலும் காது கேட்கும். அத்தை என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அம்மா வந்துவிட்டாள்.

அன்று ராத்திரி அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். சொன்னதை மட்டும் சொன்னேன். அப்பாவின் கை தட்டில் நின்றது.

"மன்னிச்சிட்டாளாமா?"

நான் தலையாட்டினேன்.

"அப்போ சாவக் கெடக்கும்போதும் நான்தான்னே நெனச்சிட்டிருக்கா." தட்டிலேயே கையைக் கழுவினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீயாவது நம்புதியா ஏட்டி? நான் செய்யலன்னு?"

"நம்புறேன்ப்பா."

அப்பா ஈரக் கையைத் துண்டில் துடைத்துவிட்டு என் தலையில் வைத்தார். நாலு மாதத்தில் அவர் முகம் அப்படித் தெளிந்து நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை அத்தை போய்விட்டார்.

கூட்டத்துக்கு அப்பா வரமாட்டார். ஞாயிற்றுக்கிழமைக்கு டூட்டி கேட்டு வாங்கியிருக்கிறார். நான் வருவேன். மாமாவிடம் காட்டிய பக்கமும் இதுவும் என் கையில் இருக்கும். எதைப் படிப்பேன் என்று கேட்டால், என்னை எனக்குத் தெரியும். வேலியிலும் ஆஸ்பத்திரியிலும் சாப்பாட்டுத் தட்டின் எதிரிலும் சொல்லாமல் நின்றவள் அன்றும் அப்படியே நிற்பாள்.

அத்தையிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று எழுதச் சொன்னார் மாமா. அவருடைய மன்னிப்பு என்னிடம் இருக்கிறது. அப்பாவிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அது அவருக்குச் சேர வேண்டியதும் இல்லை. எனக்கு அது வேண்டும். ஆனால் அத்தை அதை என் பெயரைச் சொல்லிக் கொடுக்கவில்லை. இனிமேல் கேட்டு வாங்கவும் முடியாது.