காருக்கு அடியில் ஆராத்தித் தண்ணீர்

எங்கள் கோப்பாய் வீட்டில் மிதிக்காமலே நகரும் கார் ஒன்று இருந்தது. ஊரிலுள்ள மற்றக் கார்களெல்லாம் உறுமி, உதறி, கியர் மாற்றும்போது ஒருதரம் குலுங்கித்தான் புறப்படும். இது அப்படியில்லை. கியர்த்தடியை ஓர் இடத்துக்கு இழுத்துவிட்டுப் பிறேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும், நித்திரையில் நடக்கிறவர்களைப் போலத் தானாக ஊர்ந்து வாசல் படலையடிக்குப் போய்விடும். நான் பின்சீற்றில் படுத்துக்கொண்டு கண்ணாடியினூடே தென்னோலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கார் போகிறதா, மரங்கள்தான் எங்கேயோ பயணம் புறப்பட்டுவிட்டனவா என்று தெரியாது. ஏழு வயதில் அது தெரியவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

பெரியப்பா ஆபிரிக்காவில் கணக்குப் படிப்பித்துவிட்டு வந்தபோது கொண்டுவந்த கார் அது. கிளச் இல்லாததும் ஒரு காரோ என்று சந்தியில் கார் திருத்தும் கராச்காரர் சிரித்தார். ஆனால் அந்தக் காரால் விடிவு கிடைத்தது சின்னம்மாவுக்குத்தான். அவர் என் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் தங்கை. குழந்தையில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போயிருந்தது. பெண்பிள்ளைகளெல்லாம் சைக்கிளில் பறக்கிற ஊரில், அவர் தலையைக் குனிந்துகொண்டு தாங்கித் தாங்கி நடப்பார். இந்தக் காரில் இடது காலுக்கு வேலையே கிடையாது. சைக்கிள் ஓடாத சின்னம்மா கார் ஓடினார். ஸ்ரேறிங்கைப் பிடித்தவுடன் குனிந்த தலை நிமிர்ந்துவிடும்.

பெரியப்பாவுக்குக் கண் மங்கத் தொடங்கியதும் கியர்ப்பெட்டியின் ஒயில் பார்க்கும் பொறுப்பும் சின்னம்மாவிடம் வந்தது. என்ஜின் ஒயில் என்றால் காரை நிறுத்தி, ஆறவிட்டுப் பார்க்கவேண்டும். இது நேரெதிர். சூடாக, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கவேண்டும். சின்னம்மா காரின் முன்பக்கப் பொனற்றைத் திறந்து மெல்லிய கம்பியொன்றை உருவுவார். பழைய வேட்டித்துண்டில் துடைத்து, திரும்பச் செருகி, திரும்ப உருவி, இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஒயில் நிற்கிறதா என்று பார்ப்பார். பிறகு அதைத் துணியில் ஒற்றி வெளிச்சத்தில் பிடிப்பார். மாதுளம் முத்துப்போலச் சிவந்திருந்தால் காருக்குச் சுகம். மண்ணிறமாகிக் கருகல் மணம் அடித்தால் வருத்தம். கடைசியில் துணியை என் மூக்கடியில் நீட்டுவார். நானும் பெரிய வைத்தியர் மாதிரி மணந்துவிட்டுச் சரி என்று தலையாட்டுவேன்.

அந்த ஒயிலைத் தேடிப்பிடிப்பதுதான் பெரும்பாடு. கியர் என்றால் கியர் ஒயிலை ஊற்றவேண்டியதுதானே என்று கராச்காரர் சீனிப்பாணிபோலத் தடித்த ஒன்றைக் காட்டினார். பெரியப்பா நெஞ்சில் கைவைத்தார். பிறகு பட்டணத்துக் கடையொன்றில் சிவப்பாக ஒன்று கிடைத்ததென்று வெற்றியோடு வந்தார். சின்னம்மா அந்தத் தகரப் பேணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பியின் தலையில் பொறித்திருந்த எழுத்தோடு பேணியின் எழுத்தை ஒப்பிட்டார். மூடியைத் திறக்கவே விடவில்லை.

"சிவப்பாய் இருக்கிறதெல்லாம் ஒண்டில்லை அத்தான். உது வேறை காருக்கு."

பிறகு கொழும்பிலிருந்து ஆள்மூலம் சரியான பேணி வந்து சேர்ந்தது. அது குசினித் தட்டில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் உடைக்காமல் இருந்தது.

அந்த நாட்களில்தான் சின்னம்மாவுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது பெரும்பாலும் கோயிலில்தான். இரு பகுதியும் தற்செயலாகச் சந்தித்தது போலச் சந்திக்கும். அந்தத் தற்செயலுக்குக் கிழமைக் கணக்கில் ஆயத்தம் நடக்கும். இணுவில் கந்தசாமி கோயில், வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. சின்னம்மாவின் கால் விஷயம் மாப்பிள்ளை பகுதிக்குச் சொல்லப்படவில்லை. முன்னர் இரண்டு இடங்கள் அதைக் கேள்விப்பட்டே நழுவிப்போனதைப் பெரியம்மா மறக்கவில்லை. காரை வாசல் வரை கொண்டுபோய், அவர்கள் வருமுன்னே சின்னம்மாவை மண்டபத்தில் இருத்திவிடவேண்டும். அவர்கள் பார்த்துவிட்டுப் போகும்வரை சின்னம்மா எழும்பக்கூடாது. பெரியம்மாவின் திட்டம் அவ்வளவுதான்.

"கால் விஷயத்தைச் சொல்லிப்போட்டு வரச் சொல்லுங்கோ அக்கா," என்று சின்னம்மா ஒரேயொருதரம் கேட்டார்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய் என்றிருக்கிறது, நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லையே, சொல்லாமல்தானே விடுகிறேன் என்று பெரியம்மா அழுதார். பெரியம்மா அழுதால் அதற்குப்பிறகு எங்கள் வீட்டில் எவரும் கதைப்பதில்லை.

வெள்ளிக்கிழமை விடியப் பெரியம்மா காருக்கு ஆராத்தி எடுத்தார். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீரைக் காருக்கு முன்னால் சுற்றி, முன்சில்லடியில் ஊற்றினார். அவர் உள்ளே போனபிறகு நான் குனிந்து பார்த்தேன். முற்றத்து வெள்ளை மணலில் அந்தச் சிவப்பு காரின் நடுவயிறு வரை பரவியிருந்தது. தொட்டேன், வழுக்கியது. மணந்தேன், எனக்குத் தெரிந்த மணம். விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சின்னம்மாவிடம் ஓடினேன்.

சின்னம்மா என் விரலைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். தன் லேஞ்சியால் விரலை ஆறுதலாகத் துடைத்துவிட்டார்.

"ஆராத்தித் தண்ணி, பிள்ளை," என்றார்.

சிவப்பையும் சிவப்பையும் பிரித்தறிகிறவரே சொன்னபிறகு என்ன கேள்வி? என் மூக்கில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டேன். சின்னம்மா என்ஜினை ஓடவிட்டார். கம்பியை உருவித் துடைத்து, செருகி, உருவினார். அதன் நுனியில் மட்டும் கொஞ்சம் ஈரம் இருந்தது. ஒயில் எப்படி என்று பெரியப்பா கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார். "போய்வரக் காணும் அத்தான்," என்று சின்னம்மா பொனற்றை மூடினார். அன்று துணியை என் மூக்கடியில் நீட்டவில்லை.

கார் மிதந்து போனது. இருபக்கமும் செம்மண் தோட்டங்கள், நனைந்த வெங்காயத் தாள், எங்கேயோ இறைப்பு மெசினின் தாலாட்டு. எனக்குக் கண் சொருகியது. கோயில் ஒழுங்கையில் திரும்பியதும் என்ஜின் மட்டும் குரலை உயர்த்திப் பாடியது, கார் போகவில்லை. முன்னே கோபுரம் தெரிந்தது. பெரியப்பா இன்னும் மிதி, மிதி என்றார். சின்னம்மா மிதிக்கவில்லை, திறப்பைத் திருப்பி நிறுத்திவிட்டார்.

"இதுக்கு மேலை மிதிச்சால் பெட்டி எரிஞ்சு போயிடும். நடப்பம்."

அப்போதுதான் பெரியம்மா எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை பகுதி நேரத்தோடே வந்து வாசல் மரநிழலில் நின்றது. ஒழுங்கையோ நூல் பிடித்த மாதிரி நேர். சின்னம்மா இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒவ்வோர் அடிக்கும் என் கை ஒருமுறை தாழ்ந்து ஒருமுறை எழும்பியது. உள்ளேயிருந்து நாதஸ்வரம் கேட்டது. பின்னால் பெரியம்மா முருகா, முருகா என்றார். வெயிலும் மணலும் ஒன்றாய்க் கண்ணைக் கூசவைத்தன. எவ்வளவு நேரம் நடந்தோமென்று தெரியவில்லை. அன்று சின்னம்மா தலையைக் குனியவில்லை.

மாப்பிள்ளையின் தாய்க்கு முகம் விழுந்துவிட்டது. சட்டைக் கையை மடித்துவிட்ட உயரமான ஒருவர் அவர் பக்கத்திலிருந்து புறப்பட்டார். எங்களைக் கடந்து, பெரியப்பா தனியே தள்ளிக்கொண்டிருந்த காரை நோக்கிப் போனார். அவர்தான் மாப்பிள்ளை. எல்லாம் முடிந்தது என்று பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். சின்னம்மா மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். தடியை நடுவில் விடாமல் தள்ளினால் இந்தக் கார் அசையாது என்று முணுமுணுத்தார். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு வந்த வழியே திரும்ப நடந்தார்.

மாப்பிள்ளை காரடியில் குனிந்து சிவப்பை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப துடங்கின ஒழுக்கு இது?"

"விடியவே கண்டனான்," என்றார் சின்னம்மா.

"வீட்டிலை ஒயில் இல்லையோ?"

"ஒரு பேணி உடைக்காமல் கிடக்குது."

அவர் நிமிர்ந்தார். "அப்ப ஏன் ஊத்தேல்லை?"

"ஊத்தியிருந்தால் வாசல் வரைக்கும் கார் வந்திருக்கும்."

அவர் அந்த நேரான ஒழுங்கையைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு சின்னம்மாவைப் பார்த்தார். தடியை நடுவில் விடச் சொல்லிவிட்டுச் சட்டைக் கையை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார்.

எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடப் படுத்தெழும்புகிற எனக்கு ஆராத்தித் தண்ணீர், ஆரென்று தெரியாத மனிசனுக்கு ஒயில்! இது எந்த ஊர் நியாயம்? வீட்டுக்கு வந்தும் சின்னம்மாவோடு கதைக்கவில்லை. அவர் ஏதோ நினைவில் திரிந்தார், அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

மாப்பிள்ளையின் தாய் இறங்கிவர மாதங்கள் சென்றன. தையில் கலியாணம் நடந்தது. புதுமாப்பிள்ளைக்கும் பொம்பிளைக்கும் ஆராத்தி எடுத்துப் படலையடியில் ஊற்றினார்கள். சனம் உள்ளே போகத் தொடங்கியதும் நான் குனிந்து அதைத் தொட்டு மணந்து பார்த்தேன். மஞ்சள். விரலைச் சின்னம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டி, இது மெய்யாய் ஆராத்தித் தண்ணி என்று சொன்னேன்.

கூறைச்சேலையோடு சின்னம்மா குனிந்து என் விரலை மணந்தார். என் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் நீட்டினார். அவரும் மணந்தார். இருவரும் சிரித்தார்கள். சின்னம்மாவுக்குக் கண் கலங்கிக் கன்னத்தில் வழிந்தது. இதில் சிரிக்கவோ அழவோ என்ன கிடக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு, கார்ப் பின்சீற்றில் ஏறிப் படுத்துக்கொண்டேன்.